முதல் கட்டாக எதை எடுப்பது: மேஜிக், போக்கிமான், யூகியோ

மேஜிக், போக்கிமான், யூகியோ ஆகிய மூன்று சீட்டு விளையாட்டுகளில் எதைத் தொடங்கினாலும், ஆளுக்கொரு சீட்டுக்கட்டாக இரண்டு கட்டும் இரண்டு ஆளும் வேண்டும். பெரிய நகரத்தில் இதற்கென்றே கடை இருக்கும். ஒரு கட்டோடு போனால் எதிரே உட்கார ஆள் கிடைக்கும். கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோபாலபுரம், வேலந்தாவளம் போன்ற தமிழக–கேரள எல்லையோர ஊர்களில் அந்த எதிராளியை நீங்களேதான் பழக்கி எடுக்க வேண்டும். தம்பியோ, மாமன் மகளோ, அடுத்த வீட்டு மலையாளப் பையனோ, யாரானாலும் விதியை உங்களிடமிருந்துதான் கற்கப் போகிறார். ஒரு சாயங்காலத்தில் எதைச் சொல்லிக்கொடுத்து முடிக்கலாம், கற்றவர் மறுநாளும் ஆட வருவாரா என்ற இரண்டையும் வைத்து விளையாட்டைத் தேர்ந்தெடுங்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இருவரும் பன்னிரண்டு வயதைத் தாண்டியவர்கள், எளிய ஆங்கில வாக்கியத்தை வாசித்துப் புரிந்துகொள்வார்கள் என்றால் மேஜிக். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளை மேசையில் இருந்தால் போக்கிமான். யூகியோ, அதை ஏற்கெனவே ஆடத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் மட்டும். எதுவானாலும் சமபலமுள்ள இரண்டு கட்டுகளாக வாங்குங்கள். ஆளுக்கொரு விருப்பப்படி தனித்தனியாக வாங்கிய கட்டுகளில் ஒன்று மற்றதைவிட வலுவாக அமைந்துவிடும். தொடர்ந்து தோற்பவர் நான்காம் ஆட்டத்துக்கு உட்கார மாட்டார்.

சீட்டை இறக்க என்ன விலை

மூன்று விளையாட்டையும் பிரிப்பது, ஒரு சீட்டை இறக்க நீங்கள் எதைச் செலவழிக்கிறீர்கள் என்பதுதான்.

மேஜிக்கில் செலவு மானா என்ற மந்திர சக்தி. அது லேண்ட் (நிலம்) சீட்டுகளிலிருந்து வருகிறது. சமவெளி வெள்ளை, தீவு நீலம், சதுப்பு கறுப்பு, மலை சிவப்பு, காடு பச்சை என்று ஐந்து நிறம். உங்கள் முறையில் ஒரே ஒரு லேண்ட் இறக்கலாம். ஆகவே முதல் முறையில் ஒரு மானா, நான்காம் முறையில் நான்கு மானா என்று ஆட்டம் தானாகவே படிப்படியாகப் பெரிதாகும். புதியவருக்கு இது பெரிய உதவி. முதல் இரண்டு முறைகளில் செய்யக்கூடியது மிகக் குறைவு என்பதால் விதிகள் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன.

போக்கிமானில் ஒரு முறைக்கு ஒரு எனர்ஜி சீட்டை ஒரு போக்கிமானோடு சேர்க்கலாம். மேஜிக்கில் லேண்ட் எல்லாச் சீட்டுக்கும் பொதுவான கருவூலம். இங்கே எனர்ஜி அந்தப் போக்கிமானுக்கே சொந்தம், அது வீழ்ந்தால் எனர்ஜியும் அதோடு போகும். இதைப் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள், ஏனென்றால் சேர்த்தது கண்ணெதிரே அந்தச் சீட்டின் கீழேயே இருக்கிறது.

யூகியோவில் இப்படிப்பட்ட செலவே கிடையாது. கையிலிருந்து மான்ஸ்டரை இறக்கும் சாதாரண அழைப்பு ஒரு முறைக்கு ஒன்று என்ற கட்டுப்பாடு உண்டு. 5, 6 நிலை மான்ஸ்டரை அப்படி இறக்க, ஏற்கெனவே களத்தில் இருக்கும் மான்ஸ்டர் ஒன்றையும், 7 அல்லது அதற்கு மேற்பட்ட நிலைக்கு இரண்டையும் பலி கொடுக்க வேண்டும். ஆனால் சிறப்பு அழைப்புக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. இன்றைய கட்டுகள் முதல் முறையிலேயே பத்துக்கு மேற்பட்ட செயல்களைத் தொடராகச் செய்துவிடும். எதிரே இருப்பவர் அத்தனை நேரமும் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். இதனால்தான் அதை முதல் விளையாட்டாகப் பரிந்துரைக்க மனம் வருவதில்லை.

மேஜிக்: கற்க வேண்டியது எவ்வளவு

கணித அறிஞர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்து 1993இல் வெளிவந்த விளையாட்டு இது. கட்டில் குறைந்தது 60 சீட்டு. அடிப்படை லேண்டைத் தவிர ஒரே பெயருள்ள சீட்டு நான்குக்கு மேல் கூடாது. ஆளுக்கு 20 உயிர்ப்புள்ளி, கையில் 7 சீட்டு. எதிராளியின் புள்ளி பூஜ்யமானால் வெற்றி. கட்டு தீர்ந்த பிறகு சீட்டு எடுக்க வேண்டி வந்தால் தோல்வி.

ஒரு முறையின் வரிசை இதுதான்: பயன்படுத்தியதன் அடையாளமாகப் பக்கவாட்டில் சாய்த்த சீட்டுகளை நிமிர்த்து, ஒரு சீட்டு எடு, லேண்ட் இறக்கு, மந்திரமோ க்ரீச்சரோ (சண்டையிடும் உயிரினம்) இறக்கு, தாக்கு, தாக்கிய பிறகும் மீதி மானா இருந்தால் இன்னும் இறக்கு, கையில் 7க்கு மேல் இருந்தால் மிச்சத்தைப் போட்டுவிடு. முதலில் ஆடுபவர் முதல் முறையில் சீட்டு எடுக்க மாட்டார். இதை ஒரு தாளில் எழுதி மேசை நடுவில் வையுங்கள். முதல் மூன்று ஆட்டங்களுக்கு அந்தத் தாள் விதிப்புத்தகத்தைவிட உதவும்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள் பெரும்பாலும் தாக்குதலில்தான். இறக்கிய முறையிலேயே க்ரீச்சரைத் தாக்க அனுப்பிவிடுவார்கள். ‘ஹேஸ்ட்’ என்று எழுதியிருந்தாலன்றி அது கூடாது, தன் அடுத்த முறை தொடங்கும்வரை காத்திருக்க வேண்டும். ஆனால் எதிராளி தாக்கும்போது அதே புதிய க்ரீச்சர் தடுக்கலாம். தாக்கப் போகும் க்ரீச்சர் சாய்கிறது, சாய்ந்தது தடுக்க முடியாது. ஆகவே எல்லாவற்றையும் அனுப்பினால் எதிராளியின் முறையில் உங்கள் வீடு திறந்து கிடக்கும். தடுப்பதால் க்ரீச்சர் சாய்வதில்லை. முறை முடிந்ததும் க்ரீச்சர் மேல் விழுந்த அடி எல்லாம் நீங்கிவிடும். 4 தாங்கும் க்ரீச்சர் 3 அடி வாங்கினால் அடுத்த முறைக்கு மீண்டும் 4தான்.

போக்கிமானிலிருந்து வருபவர் இந்தக் கடைசி விதியில் கண்டிப்பாகக் குழம்புவார், ஏனென்றால் அங்கே அடி அப்படியே தங்கி முறைக்கு முறை சேரும். யாரைத் தாக்குவது என்பதும் மூன்றிலும் வெவ்வேறு. மேஜிக்கில் க்ரீச்சரை நோக்கித் தாக்க முடியாது, தாக்குதல் எதிராளியின் மேல், எதை வைத்துத் தடுப்பது என்பதை அவர்தான் முடிவு செய்வார். யூகியோவில் எந்த மான்ஸ்டரை அடிப்பது என்று தாக்குபவரே தேர்வு செய்கிறார். போக்கிமானில் முன்னே நிற்கும் ஒன்று எதிரே நிற்கும் ஒன்றை அடிக்கிறது, அடித்ததோடு முறை முடிகிறது.

மேஜிக்கின் கடினமான பகுதி அடுக்கு. ஒருவர் மந்திரம் சொன்னதும் மற்றவர் ‘இன்ஸ்டன்ட்’ வகைச் சீட்டால் பதில் சொல்லலாம், கடைசியில் சொன்னதுதான் முதலில் நடக்கும். பேசிப் புரியவைக்க முயலாமல் சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டுங்கள், மேலிருப்பதை முதலில் எடுங்கள். இரண்டு முறை காட்டினால் போதும். சாய்க்காத இரண்டு லேண்டோடு எதிராளி அமைதியாக உட்கார்ந்திருந்தால் கையில் என்ன வைத்திருக்கிறார் என்று ஊகிப்பதுதான் இந்த விளையாட்டின் உயிர். பாலக்காட்டுப் பக்கம் இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் ஆடிப் பழகியவர்கள் இதில் வேகமாகத் தேறிவிடுவார்கள். கவிழ்த்து வைத்த துருப்பு என்னவென்று எதிராளி இறக்கும் சீட்டை வைத்துக் கணிக்கிற அதே மூளைதான் இங்கும் வேலை செய்கிறது.

லேண்ட் வராமல் போவது புதியவரை வெறுக்கவைக்கும் இன்னொன்று. 60இல் 24 லேண்ட் இருந்தால் முதல் கையில் சராசரியாக 2.8 வரும். அப்படியிருந்தும் 100 கைகளில் ஏறத்தாழ 16இல் லேண்ட் இரண்டுக்குக் குறைவாகவோ ஐந்துக்கு அதிகமாகவோ இருக்கும். அந்தக் கையை வைத்து ஆடாதீர்கள். கட்டோடு சேர்த்துக் கலைத்து மீண்டும் 7 எடுங்கள், அதிலிருந்து ஒன்றைக் கட்டின் அடியில் வையுங்கள். இரண்டாம் தடவையும் சரியில்லையென்றால் மறுபடி 7 எடுத்து இரண்டை அடியில் வைக்க வேண்டும். ‘லேண்டே வரவில்லை’ என்ற புகாரில் பாதி, சரியாகக் கலைக்காததால் வருவது. ஆட்டம் முடியும்போது லேண்டெல்லாம் மேசையில் ஒரே வரிசையில் கிடக்கும். அதை அப்படியே அள்ளிக் கட்டில் வைத்து இரண்டு தரம் புரட்டினால் குவியல் குவியலாகவே வரும். கட்டை இரண்டாகப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று செருகுவதை ஏழு தடவையாவது செய்யுங்கள். பிறகு எதிராளி வெட்டட்டும்.

எதை வாங்குவது என்றால், 2024 நவம்பரில் ஃபவுண்டேஷன்ஸ் தொகுதியோடு வந்த பிகினர் பாக்ஸ் இருவருக்கு மிகப் பொருத்தம். தலா 20 சீட்டு கொண்ட 10 பொதிகள் இருக்கும். ஏதேனும் இரண்டைச் சேர்த்துக் கலைத்தால் 40 சீட்டுக் கட்டு தயார், 60 வேண்டும் என்ற விதி இந்தப் பாணிக்குப் பொருந்தாது. பத்தில் இரண்டைச் சேர்க்க 45 வழி உண்டு, ஆகவே ஒரே பெட்டி பல மாதங்களுக்குச் சலிக்காது. பூனை, வாம்பயர் என்ற இரண்டு பொதிகள் பாடத்துக்கானவை. அவற்றைப் பிரித்ததும் கலைத்துவிடாதீர்கள். கையேடு சொல்லும் சீட்டு அந்தந்த முறையில் வரவேண்டும் என்பதற்காக அவை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். இந்தப் பெட்டி கிடைக்காவிட்டால் 60 சீட்டுக் கட்டு இரண்டு அடங்கிய ஸ்டார்ட்டர் கிட் அடுத்த தேர்வு. கமாண்டர் கட்டை யாராவது பரிந்துரைத்தால் இப்போதைக்கு வேண்டாம். அடிப்படை லேண்டைத் தவிர 100 சீட்டும் வெவ்வேறு, 40 உயிர்ப்புள்ளி, வழக்கமாக நான்கு பேர் ஆடுவது. ஒவ்வொரு சீட்டையும் நிறுத்தி வாசித்தே முதல் ஆட்டம் இரவாகிவிடும்.

போக்கிமான்: சின்னவர்களுக்கு

60 சீட்டு, கையில் 7, பரிசுச் சீட்டாக 6 ஐக் கவிழ்த்து ஓரமாக வைப்பது, பின்வரிசையில் ஐந்து இடம். எதிராளியின் போக்கிமானை வீழ்த்தினால் பரிசுச் சீட்டு ஒன்று எடுக்கலாம், ‘இஎக்ஸ்’ வகையை வீழ்த்தினால் இரண்டு. ஆறும் எடுத்தவர் வென்றார். முதலில் ஆடுபவர் தன் முதல் முறையில் தாக்கக் கூடாது, சப்போர்ட்டர் வகைச் சீட்டும் இறக்கக் கூடாது. இறக்கிய அதே முறையில் ஒரு போக்கிமானைப் பரிணமிக்கச் செய்யக் கூடாது. இந்த மூன்று தடைகளையும் முதலிலேயே சொல்லிவிட்டால் வாக்குவாதம் பெரும்பாலும் குறைந்துவிடும்.

முதல் கையில் பேசிக் போக்கிமான் (பரிணமிக்காத அடிப்படைப் போக்கிமான்) ஒன்றாவது இல்லாவிட்டால் கையைக் காட்டிவிட்டு மீண்டும் கலைக்க வேண்டும், எதிராளிக்குக் கூடுதலாக ஒரு சீட்டு எடுக்க உரிமை உண்டு. 60இல் 12 பேசிக் இருந்தால் 100க்கு 19 தடவை இது நடக்கும். ஆகவே பிள்ளைகள் தாங்களே கட்டு அமைக்கும்போது பரிணாம சீட்டுகளைக் குறைத்துப் பேசிக் சீட்டுகளைக் கூட்டச் சொல்லுங்கள்.

பேட்டில் அகாடமி பெட்டியில் மூன்று முழுக் கட்டுகளும் பலகையும் இருக்கும். பாடத்துக்கான கட்டுகளில் சீட்டின் ஓரத்தில் எண் அச்சிட்டிருப்பதால், தவறிக் கலைத்துவிட்டாலும் எண்படி மீண்டும் அடுக்கிக்கொள்ளலாம். மூன்றாம் கட்டு இருப்பது பெரிய லாபம். ஆட்டம் இருவருக்குத்தான் என்றாலும், வீட்டுக்கு வரும் மூன்றாவது பிள்ளை அடுத்த ஆட்டத்துக்குத் தனக்கென ஒரு கட்டோடு உட்காரலாம். அடியைக் கணக்கிடத் தரும் அட்டைக் காய்கள் தொலைந்தால் புளியங்கொட்டை போதும், கொட்டை ஒன்றுக்குப் பத்து அடி.

போக்கிமானின் குறை, நன்றாகக் கற்ற பெரியவர்களுக்குத் தெரியும். எதிராளியின் முறையில் நீங்கள் செய்ய ஒன்றும் இல்லை. அந்தக் குறைதான் சிறு பிள்ளைகளுக்கு வரமாக அமைகிறது. தன் முறை, அவன் முறை என்று தெளிவாகப் பிரிந்திருக்கும்.

மொழி

எல்லையில் இது தனிக் கணக்கு. தமிழிலும் மலையாளத்திலும் இந்தச் சீட்டுகள் அச்சாவதில்லை. பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்காவில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளையும் மலையாளவழியில் படிக்கும் பிள்ளையும் ஒரே மேசையில் உட்கார்ந்தால், சீட்டில் இருக்கும் ஆங்கிலம்தான் இருவருக்கும் பொது. போக்கிமான் தொடக்கக் கட்டுகளில் தாக்குதலின் பெயரும் எண்ணும் தெரிந்தாலே பாதி ஆட்டம் நடக்கும். மேஜிக்கில் ஃப்ளையிங், ட்ராம்பிள், டெத்டச், விஜிலன்ஸ் போன்ற சுமார் பத்துச் சொற்களை மனப்பாடம் செய்தால் தொடக்கக் கட்டுகளில் வாசிக்க வேண்டியது பெரிதும் குறையும். அந்தப் பத்துக்கும் தமிழிலோ மலையாளத்திலோ ஒரு வரி விளக்கம் எழுதிப் பக்கத்தில் வையுங்கள். யூகியோ சீட்டில் மிகச் சிறிய எழுத்தில் நீளமான பத்தி இருக்கும். ஒரு சொல் மாறினால் பலனே மாறும் இடங்களும் உண்டு. ஆங்கிலம் தடுமாறுபவரை அதன் முன் உட்காரவைப்பது அவருக்குச் செய்யும் அநியாயம்.

யூகியோவை நேசிப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். 8000 புள்ளி, கையில் 5 சீட்டு, 40 முதல் 60 சீட்டுக் கட்டு, ஒரே சீட்டு மூன்று வரை என்று அதன் எலும்புக்கூடு எளிமையானதுதான். சொல்லித்தர அனுபவசாலி இருந்தால் 4000 புள்ளியும் சிறிய கட்டும் கொண்ட ஸ்பீட் டூயல் வடிவத்தில் தொடங்குங்கள்.

போன் வழியா, காகிதமா

மூன்றுக்கும் இலவசச் செயலி இருக்கிறது: மேஜிக் அரீனா, போக்கிமானுக்கு லைவ், பாக்கெட் என இரண்டு, யூகியோவுக்கு மாஸ்டர் டூயல். எதிராளி கிடைக்காத ஊருக்கு இது வரப்பிரசாதம். ஆனால் மூன்றும் ஒரே அளவில் கற்றுத்தருவதில்லை.

அரீனாவின் தொடக்கப் பாடம் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது, விதியும் காகித ஆட்டத்தில் உள்ளதேதான். குறை என்னவென்றால், நிமிர்த்துவது, எந்த லேண்டைச் சாய்ப்பது, அடியைக் கணக்கிடுவது எல்லாவற்றையும் செயலியே செய்துவிடும். அதிலேயே கற்றவர் மேசைக்கு வந்தால் சீட்டு எடுக்கவே மறப்பார். தானாக மானா செலுத்தும் அமைப்பை நம்பாமல் லேண்டைக் கையால் தொட்டுச் சாய்த்துப் பழகினால் இந்தக் குறை பெருமளவு நீங்கும். செயலி சில ஜிபி இடம் பிடிக்கும், ஆட்டம் முழுக்க இணையம் வேண்டும். நெல்லியாம்பதி போன்ற மலைப்பகுதியில் சிக்னல் அறுந்தால் அந்த ஆட்டம் போய்விடும்.

போக்கிமான் பாக்கெட் 2024 அக்டோபரில் வந்தது. அழகானது, சில நிமிடங்களில் முடிவது. ஆனால் அது வேறு விளையாட்டு. 20 சீட்டுக் கட்டு, பின்வரிசையில் மூன்று இடம், மூன்று புள்ளி எடுத்தால் வெற்றி, கட்டில் எனர்ஜி சீட்டே கிடையாது. பாக்கெட்டில் கற்ற பிள்ளை காகிதக் கட்டோடு உட்காரும்போது பரிசுச் சீட்டையும் எனர்ஜியையும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும். காகித விதியை அப்படியே பழக லைவ் செயலிதான் சரி.

எந்தச் செயலியானாலும் பிள்ளை கையில் கொடுக்கும் முன் போனில் பணம் செலுத்துவதற்குக் கடவுச்சொல் பூட்டு போடுங்கள். பொதி உடைக்கும் ஆசை மெல்ல மெல்லப் பணத்தைத் தின்னும்.

திருவிழாக் கடைச் சீட்டும் ஜெராக்ஸ் கட்டும்

தேர்த் திருவிழாக் கடைகளிலும் பேருந்து நிலைய ஃபேன்சி கடைகளிலும் தொங்கும் போக்கிமான் பொதிகளில் பெரும்பாலானவை போலி. தங்க நிறப் பிளாஸ்டிக், மங்கிய பின்புறம், எழுத்துப்பிழை, நம்ப முடியாத அளவு பெரிய எச்பி (உயிர்ப்புள்ளி) எண் ஆகியவை அடையாளம். உண்மையான மேஜிக் சீட்டின் ஓரத்தை உற்றுப் பார்த்தால் நடுவே மெல்லிய நீலப் படலம் தெரியும், போக்கிமானில் கறுத்த படலம். இறக்குமதிப் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்.ஆர்.பி. ஒட்டியிருக்க வேண்டும். போலிப் பொதியை வாங்கி ஆட முடியாததற்கு முக்கியக் காரணம் தரம் அல்ல. அதில் எனர்ஜியும் ட்ரெய்னர் என்ற உதவிச் சீட்டும் இருக்காது, பளபளக்கும் பெரிய சீட்டுகள் மட்டும் இருக்கும். என்ன சீட்டு வரும் என்று முன்கூட்டித் தெரியாத உண்மையான பூஸ்டர் பொதிகளை மட்டும் வாங்கிக் குவித்தாலும் இதே சிக்கல் வரும். பரிணாமம் இருக்கும், அதற்குரிய பேசிக் இருக்காது.

பணம் குறைவு என்றால் மேஜிக்கில் நேர்மையான வழி ஒன்று உண்டு. விற்பனைக்கு இல்லாமல் சொந்தப் பயன்பாட்டுக்கு ஒத்திகைச் சீட்டு (அசலுக்குப் பதிலான நகல்) செய்துகொள்வதைத் தடுக்கும் எண்ணம் தங்களுக்கு இல்லை என்று வெளியீட்டாளரான விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் 2016இல் சொல்லியிருக்கிறது. சீட்டின் அளவு 63க்கு 88 மில்லிமீட்டர். ஏ4 தாளில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது அடங்கும், இரண்டு 60 சீட்டுக் கட்டுக்கு 14 தாள். ஜெராக்ஸ் கடையில் ‘தாளுக்குப் பொருத்து’ என்ற தேர்வை எடுத்துவிட்டு நூறு சதவீத அளவில் அச்சிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அளவு மாறி, சீட்டுக்குப் போடும் பிளாஸ்டிக் உறையில் சரியாகப் பொருந்தாது. அடிப்படை லேண்டை அச்சிடவே வேண்டாம், தாள்துண்டில் பெயர் எழுதினால் போதும். ஒவ்வொன்றையும் பழைய ரம்மிச் சீட்டு ஒன்றின் முன்னே வைத்து, பின்புறம் ஒளிபுகாத உறையில் செருகுங்கள். அதிகாரபூர்வப் போட்டிகளில் இவை செல்லாது, திண்ணையில் தாராளமாகச் செல்லும்.

உறை வாங்கும்போது அளவைக் கவனியுங்கள். மேஜிக்குக்கும் போக்கிமானுக்கும் ஒரே உறை பொருந்தும். யூகியோ சீட்டு 59க்கு 86 என்று சிறியது, அதற்குத் தனி அளவு உண்டு. பின்னாளில் இரண்டு விளையாட்டும் ஆட நினைப்பவருக்கு இது சின்னச் சேமிப்பு.

இந்தப் பக்கத்து வானிலையும் சேர்ந்து விளையாடும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடி மாதத்தில் உறையில்லாத சீட்டைத் திண்ணையிலிருந்து தெருவுக்கே கொண்டுபோகும். அந்த நாட்களில் உள்ளறையில் ஆடுங்கள், அல்லது மேசைமேல் தடித்த துணி விரியுங்கள், வழுவழுப்பான மேசையைவிட அதில் சீட்டு நிற்கும். மழைக்காலத்தில் மினுமினுக்கும் ஃபாயில் சீட்டுகள் வளையும், ஏனென்றால் காகிதம் ஈரத்தை உறிஞ்சி விரிகிறது, மேலிருக்கும் உலோகப் படலம் விரிவதில்லை. வளைந்த சீட்டு கட்டில் எங்கிருக்கிறது என்று கலைக்கும்போதே தெரிந்துவிடும், அது ஆட்டத்துக்கே நியாயமில்லை. மூடி இறுக்கமான டப்பாவில், மருந்துப் புட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலம் இரண்டு போட்டு வையுங்கள். சமப்படுத்த நினைத்து வெயிலில் காயவைத்தால் எதிர்ப்பக்கம் வளையும்.

வீட்டுப் பெரியவர்களுக்குச் சீட்டு என்றாலே பணம் வைத்து ஆடுவது என்ற அச்சம் இருக்கும், அதில் நியாயமும் உண்டு. முதல் ஆட்டத்தை அவர்கள் கண்ணெதிரே கூடத்தில் வையுங்கள். உயிர்ப்புள்ளியை இருவரும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். கணக்கில் சண்டை வராது, பார்ப்பவருக்கும் அங்கே ஓடுவது பணக்கணக்கு இல்லை என்று புரியும். அந்த முதல் ஆட்டத்தில் இருவரும் கையிலிருக்கும் சீட்டைத் திறந்து வைத்தே ஆடுங்கள், ஒவ்வொரு சீட்டையும் இறக்கும்போது உரக்க வாசியுங்கள். இரண்டாம் ஆட்டத்தில் கையை மூடிக்கொள்ளலாம். மூன்றாம் ஆட்டத்துக்கு இருவரும் கட்டை மாற்றிக்கொள்ளுங்கள். தோற்றது கட்டினாலா, ஆடிய விதத்தினாலா என்பது அப்போதுதான் தெரியவரும்.